வாளியை உதைத்தால் சாவு வருமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், ஆங்கிலத்தில் இறப்பதை ‘கிக் த பக்கெட்’ என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்கிறாள். தூக்கு மாட்டிக்கொள்பவர் காலடி வாளியை உதைத்துத் தள்ளுவதால் வந்தது என்று இணையத்தில் படித்தேன். அதையே சொல்லிவிடலாமா? தேர்வில் இத்தகைய தொடர்களை அவள் எழுதலாமா?

பதில்: அந்தக் கதையைச் சொல்ல வேண்டாம். பிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் இத்தொடர் ‘சாவது’ என்ற பொருளுடன் இருக்கிறது. தூக்கைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. அகராதியாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம் வேறு. ‘பக்கெட்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் பாரம் தொங்கவிடும் மரத்தண்டு என்றும் ஒரு பொருள் உண்டு. 1600இல் அச்சான ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் ஷேக்ஸ்பியர் குறிப்பிடும் மது வடிப்பவரின் ‘பக்கெட்’, நம் காவடித்தண்டைப் போன்றதொரு சுமைதடிதான். இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில், அறுத்த பன்றியைப் பின்னங்கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடும் உத்தரத்துக்கும் அதே பெயர் என்பதால், உயிர் போகும் துடிப்பில் கால்கள் அந்த மரத்தில் இடிப்பதே இத்தொடருக்கு மூலம் என்பது அவர்கள் கருத்து. முடிந்த முடிபு அன்று என்றாலும், சொல்லின் பழம்பொருளோடு ஒட்டி வருவதால் நானும் இதையே ஏற்கிறேன்.

இப்படிப்பட்ட கதை எதைக் கேட்டாலும், அத்தொடர் முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் வந்தது என்று பாருங்கள். பேய்மழையைக் குறிக்கும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ (பூனையும் நாயுமாக மழை பெய்கிறது) என்பதற்கு, கூரை வேய்ந்த வைக்கோலில் படுத்திருந்த பிராணிகள் மழையில் வழுக்கி விழுந்தன என்றொரு கதை 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றியது. செத்த பூனைகளும் நாய்க்குட்டிகளும் லண்டன் சாக்கடையில் மிதந்து வருவதை ஜொனாதன் ஸ்விஃப்ட் 1710இல் பாடிய கவிதையே மூலம் என்பாரும் உண்டு. ஆனால் 1651இலேயே கவிஞர் ஹென்றி வாகன், மழையாகப் பொழியும் நாய் பூனைகளிடமிருந்து தெருவியாபாரியின் சரக்கைக் காக்கும் கூரை ஒன்றைப் பற்றி எழுதிவிட்டார். அங்கே கூரை தடுப்பதாக இருக்கிறதே தவிர, நாய் பூனைகள் அதிலிருந்து விழவில்லை.

தேர்வைப் பொறுத்தவரை, ‘கிக் த பக்கெட்’ நம் ‘மண்டையைப் போட்டார்’ என்பதற்கு இணையான கேலிப்பேச்சு; இரங்கல் கடிதத்தில் எழுதினால் மதிப்பெண் போவது மட்டுமன்று, மரியாதையும் போகும். நாய் பூனை மழையில் தவறில்லை. ஆனால் அது பழசாகிவிட்டது. இன்று ஆங்கிலேயர் சாதாரணமாகச் சொல்வது ‘இட்ஸ் போரிங்’, அதாவது கொட்டுகிறது என்பதுதான்.