நோயில்லாத வாத்துகளையும் ஏன் கொல்கிறார்கள்?

கேள்வி: கேரளத்தின் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, நன்றாக நீந்திக்கொண்டிருந்த வாத்துகளையும் பிடித்துக் கொன்றார்கள். ஃப்ளூ என்பது ஆண்டுதோறும் வந்து போகும் காய்ச்சல்தானே? அதற்காக இத்தனை உயிர்களை எடுக்க வேண்டுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் மனம் பதறியது நியாயம்தான் அம்மா. காலையில் தீவனம் போட்ட கையாலேயே மாலையில் பறவைகளைப் பிடித்துச் சாக்கில் போடும் பண்ணைக்காரரின் முகம், கால்நடை மருத்துவனான எனக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். இருந்தாலும் கொன்றுதான் ஆக வேண்டும் என்பேன்.

நோய் தாக்கிய கோழியைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். கொண்டை நீலம் பாரித்து, தலை வீங்கி, ஓரிரு நாளில் கொத்தாகச் செத்து விழும். வாத்து அப்படியல்ல. பல நேரங்களில் நோயின் சாயலே இல்லாமல் நீந்திக்கொண்டிருக்கும். எச்சத்தில் மட்டும் வைரஸ் இறங்கிக்கொண்டே இருக்கும். நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் எந்தப் பறவையையும் விடாததற்கு இதுவே காரணம்.

1997 மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலில் இறந்தான். அவனைத் தாக்கியது கோழிகளிடம் இருந்த எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது. ஆண்டு முடிவதற்குள் 18 பேருக்குத் தொற்றியது; அவர்களில் 6 பேர் இறந்தார்கள். டிசம்பர் இறுதியில் அங்கிருந்த கோழிகளை, ஏறக்குறைய 15 லட்சம், அரசு கொன்றது. அத்துடன் அந்தப் பரவல் நின்றது. தயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது.

ஃப்ளூ வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. பறவையின் வைரஸும் மனிதனின் வைரஸும் ஒரே உடலில் சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொண்டு புது வைரஸாகலாம். 1957, 1968 ஃப்ளூ கொள்ளைநோய்கள் அப்படிப் பிறந்தவைதான். நீங்கள் சொல்லும் ‘வந்து போகும்’ காய்ச்சலே உலகில் ஆண்டுதோறும் 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் பேரைக் கொல்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 1918இல் வந்த ஃப்ளூ கொள்ளைநோய் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். நஷ்டஈடு கைக்கு வரத் தாமதமாகும் என்று தெரிந்தால், எந்த ஏழை விவசாயி முதல் கோழி செத்ததும் மருத்துவரிடம் ஓடி வருவார்? மீதிக் கோழிகளை வந்த விலைக்குத் தள்ளிவிடத்தான் பார்ப்பார். பணத்தை உடனே கொடுங்கள். தகவல் தானாக வரும்.

கேள்வி: இந்த நேரத்தில் முட்டை, பால் சாப்பிடலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: தாராளமாக. 70 டிகிரி வெப்பம் உள்வரை ஏறினால் வைரஸ் அழிந்துவிடும். நோய் பரவியிருக்கும் பகுதி என்றால் அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். அமெரிக்காவில் 2024இல் இதே வைரஸ் கறவை மாடுகளின் பாலிலும் இருந்தது. எனவே பாலைக் காய்ச்சியே குடியுங்கள். கோழி நறுக்கிய கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.