பெரிய டிஸ்க் போட்டால் பிரேக் பிடிக்குமா?

கேள்வி: ஐயா, நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு கெப் வண்டியில் மரக்கறி ஏற்றி, பின்னால் ட்ரெய்லரும் கொழுவிப் போகிறேன். றம்பொடை இறக்கத்தில் பிரேக் பெடல் பஞ்சுபோல இறங்குகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகிவிடும். துளை போட்ட பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கிற பெரிய கலிப்பரும் போடச் சொல்கிறார் கராஜ் பாஸ். போடலாமா? பாரம் தாங்க பின்னுக்கு ஸ்பிரிங் பிளேட் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.
– வாசகர், நானுஓயா

பதில்: தம்பி, டிஸ்க்குக்கு இப்போதே காசு கட்டாதீங்க. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீங்களே, அந்த ஸ்பிரிங் பிளேட், அதில்தான் எனக்குச் சந்தேகம்.

பின் அச்சுக்கு மேலே சேசிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கிறதா என்று குனிந்து பாருங்க. பல கெப் வண்டிகளில் இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு ஓடும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால்தான் பின் டிரம்முக்கு முழு அழுத்தத்தையும் விடும். நீங்கள் பிளேட் ஏற்றியதில் பின்பக்கம் தாழ்வதே இல்லை. மூட்டை மூட்டையாகக் கோவா ஏற்றினாலும் அந்த வால்வுக்கு அது வெறும் வண்டிதான். பின் பிரேக் பாதிதான் வேலை செய்யும், பாரமெல்லாம் முன் டிஸ்க் இரண்டின் தலையில். சுடாமல் என்ன செய்யும்? கண்மட்டத்துக்குக் கம்பியை வளைத்துவிடுகிற பாஸ்மாரும் உண்டு, விடாதீங்க. அழுத்தமானி வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது ஒயில். பெடல் கல்லுமாதிரி நின்றும் வண்டி நிற்காவிட்டால், டிஸ்க்கில் உரசுகிற பேட் சூடேறி வழுக்குகிறது. உங்களுக்குப் பெடலே இறங்குகிறது, அப்படியென்றால் ஒயில் கொதிக்கிறது. பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். டொட் 3 என்ற ரக ஒயில் புதிதில் கொதிக்காமல் 205 பாகை செல்சியஸாவது தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு 140தான். டொட் 4க்கு 230, 155. பழையதை முழுக்க வெளியேற்றிவிட்டு டொட் 4 ஊற்றுங்க, இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுங்க. டொட் 5 சிலிக்கன், அதைக் கிட்டவும் எடுக்காதீங்க.

ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்கிறதா? அதை நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் முதல் செலவு அங்கேதான். கெப்பின் டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும், பின்னால் தள்ளுகிற பாரமும் அதன் தலையில்தான் விழும். கம்பளை வரைக்கும் 1,300 மீற்றருக்கு மேல் இறக்கம். மேலிருந்தே சின்ன கியரில் இறங்குங்க, வேகம் பிடித்த பிறகு கியர் தேடக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் டிஸ்க் மாற்றத்தான் வேண்டுமென்றால், துளை போடாத, நடுவில் காற்றோட்டமுள்ளதாக வாங்குங்க. பாரவண்டியில் சூடு ஏறி ஏறி இறங்கும்போது துளையோரம்தான் முதலில் வெடிக்கும். பெரிய கலிப்பர் உங்கள் ரிம்முக்குள் அடங்குமா என்று வைத்துப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்க.