மூடிக்குத் தனி விலை

(பனையோலைச் சங்கம் ஒன்றில் 22 வருஷம் கணக்கு எழுதிய அக்கா, கைத்தொழில் செய்யும் வாசகிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஓலைப்பெட்டி முடைகிறோம். போன வருஷம் மூன்று நாள் தொழில் பயிற்சி கொடுத்தார்கள். பெயர் வையுங்கள், லோகோ போடுங்கள், இன்ஸ்டாகிராமில் ஏற்றுங்கள் என்றார்கள். எல்லாம் செய்தோம். மூடி போட்ட பெட்டி 120 ரூபாய்க்கு நன்றாகவே விற்கிறது. ஆனால் மாசக் கடைசியில் பிரித்தால் ஆளுக்கு ஒன்றும் தேறவில்லை. எங்கே தப்பு?
வாசகி, சாயல்குடி

பதில்: "நன்றாகவே விற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். கம்மி விலைக்குக் கொடுத்தால் எதுவும் நன்றாக விற்கும்.

அந்த 120 ரூபாயை யார் வைத்தது? பக்கத்து ஊர்க்காரி என்ன விலைக்குக் கொடுக்கிறாளோ அதில் பத்து ரூபாய் குறைத்திருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். ஒரு நாள் பொறுக்காமல் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் முடைகிற கூடத்தில் மாட்டினேன். ஓலையைக் கையில் எடுத்த நேரம், கீழே வைத்த நேரம், இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். "எக்கா, பரீட்சையா வைக்கிய?" என்று ஒரே சிரிப்பு.

ஒரு வாரம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. குருத்தோலை வார்ந்து சாயம் காய்ச்சியதில் ஒரு பெட்டிக்கு அரை மணி. பெட்டியின் உடம்புக்கு இரண்டு மணி. மூடிக்கு மட்டும் ஒன்றரை மணி! சின்னதுதானே என்று நினைக்கிறோம். ஆனால் அது பெட்டியின் வாயில் உட்கார வேண்டும், இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. ஒரு தரமாவது அவிழ்த்து மறுபடி முடையாதவள் எங்கள் கூடத்தில் கிடையாது. அந்த மூடிக்கு நாங்கள் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தது 15 ரூபாய்.

இதையே உங்கள் பெட்டிக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஓலை, சாயம், விறகு 27 ரூபாய். பஸ், மூட்டைக்கூலி 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 120இல் 35 போனால் மீதி 85. நாலு மணி நேர வேலைக்கு 85 என்றால் மணிக்கு 21 ரூபாய் சொச்சம். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி என்று வைத்தாலும் மணிக்கு 42 வருகிறது. அதில் பாதிக்குத்தான் நீங்கள் பெட்டி முடைந்துகொண்டிருக்கிறீர்கள். அந்தக் கூலியையே உங்களுக்கும் போட்டால் 168, அதோடு 35, ஆக 203. பூச்சி அரித்தது, விற்காமல் கிடப்பது, சங்கத்துக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்தால் 230க்குக் குறைந்து கொடுக்க முடியாது.

சரி, நாளைக்கே 230 என்று சொன்னால் வாங்க வந்தவர் அப்படியே திரும்பிவிடுவார். அதனால் மூடியைத் தனியாகப் பிரியுங்கள். மூடியில்லாத பெட்டி 150, மூடியோடு 230. பழம் வைக்க, சாவி போட வாங்குகிறவர்களுக்கு மூடியே தேவையில்லை. எங்களிடம் பாதிப் பேர் இல்லாமல்தான் எடுத்துப் போனார்கள். கல்யாண மாசங்களில் தாம்பூலத்துக்குக் கையளவு பெட்டி போடுங்கள். முக்கால் மணியில் முடியும். நூறு, இருநூறு என்று மொத்தமாகக் கேட்பார்கள். லோகோவெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: சென்னையில் ஒரு கடைக்கு 200 கூடைகள் அனுப்பினோம். நாலு மாசமாகிறது, "இந்த வாரம் போட்டுவிடுகிறேன்" என்றே சொல்கிறார்கள். என்ன செய்வது?
வாசகி, நாகர்கோவில்

பதில்: எங்களுக்கும் நடந்தது. 300 பெட்டி வாங்கிப் போனவரிடமிருந்து, ஒரு மழைக்காலம் முழுக்க அலைந்த பிறகு, பாதி பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. கையில் இருந்ததெல்லாம் அவருடைய போன் நம்பர். பில் கூடப் போடவில்லை. கணக்கெழுதும் நானே போடவில்லை, இதைச் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது.

உங்கள் சங்கம் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் பதிவு, வைத்திருக்கிறதா? இருந்தால் வழி இருக்கிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக 2006இல் வந்த சட்டப்படி, பதிவு செய்த சிறு உற்பத்தியாளரிடம் வாங்கியவர் எழுத்தில் கெடு பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டியைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. இதற்கென்று இருக்கும் மத்திய அரசு இணையதளத்தில் புகார் போடலாம். இதையெல்லாம் ஒரு கடிதத்தில் எழுதி, பில் நகலோடு பதிவுத் தபாலில் கடைக்கு முதலில் அனுப்புங்கள். பல கடைகள் அந்தக் கடிதத்திலேயே வழிக்கு வந்துவிடும்.

இரண்டு விஷயம் மட்டும் கவனம். சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிவு இருந்திருக்க வேண்டும். அப்புறம், "விற்றால் பணம்" என்று பேசிக் கொடுத்திருந்தால், அது விற்பனையே ஆகவில்லை என்று வாதாடுவார்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 2,000 ரூபாய் கொடுங்கள், எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எட்டாவதுதான் படித்திருக்கிறேன். தொழில் பயிற்சிக்குப் போனால் புரியுமா? எங்கே போவது?
வாசகி, பத்தமடை

பதில்: கோரையைக் கையில் தடவிப் பார்த்தே தரம் பிரிக்கிற ஊரிலிருந்து இப்படிக் கேட்கிறீர்கள்! வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று வங்கியில் கேளுங்கள். பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம். 1982இல் கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்தில் உஜிரேயில் தொடங்கிய முறை அது.

தனியாகப் போகாதீர்கள், குழுவிலிருந்து இரண்டு பேராகப் போங்கள். ஒருத்தி மறந்ததை இன்னொருத்தி எடுத்துச் சொல்வாள். நீங்கள் நெய்த பாய் ஒன்றையும், கோரையும் நூலும் வாங்கிய பில்லையும் கையோடு கொண்டுபோய், "சார், இதற்கு விலை போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் என்றைக்காவது எதையாவது விற்றிருக்கிறாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் குழுத் தலைவிதான் பணம், நோட்டு இரண்டையும் வைத்திருக்கிறார். நல்லவர்தான். ஆனாலும் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
வாசகி, பெயர் வேண்டாம்

பதில்: கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால் சண்டைதான் வரும். "மைனி, வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கூட்டத்தில் சேமிப்புப் பணம் எண்ணி முடித்ததும் அந்த வாரத்து வரவையும் செலவையும் உரக்க வாசிக்கட்டும், கடைசி வரியில் வேறு ஒருத்தி கையெழுத்துப் போடட்டும். அடுத்த வாரம் வாசிப்பது உங்கள் முறை.