மகன் தூங்குகிறான், போன் மட்டும் ‘வெளியே போய்விட்டான்’ என்கிறது: சிக்னல் பூஸ்டரால் வரும் குழப்பம்

கேள்வி: டெக்சாஸில் ஊருக்குச் சற்று வெளியே, மனைகள் பெரிதாக உள்ள பகுதியில் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். உள்ளே சிக்னல் எடுக்காததால் கூரையில் ஆன்டெனா வைத்து ஒரு பூஸ்டர் மாட்டினோம். இப்போது பேச்சு தெளிவாகக் கேட்கிறது. ஆனால் குடும்பத்தினர் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் ஆப்பில், நள்ளிரவில் ‘மகன் வீட்டை விட்டுக் கிளம்பினார்’, கொஞ்ச நேரத்தில் ‘வீடு வந்து சேர்ந்தார்’ என்று அலர்ட் வருகிறது. போய்ப் பார்த்தால் அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். பூஸ்டரில் ஏதாவது செட்டிங் மாற்ற வேண்டுமா?

பதில்: பூஸ்டரில் தேட வேண்டாம். ஆன்டெனா வைத்து மாட்டும் இந்த வகைப் பெட்டிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாது. டவரிலிருந்து வரும் அலையை வாங்கி, பெருக்கி, வீட்டுக்குள் விடுவதோடு அதன் வேலை முடிந்தது. அலர்ட் அனுப்புவது ஆப். ஆப்புக்கு இடத்தைச் சொல்வது மகனின் போன். போன் ஏன் தப்பாகச் சொல்கிறது என்று பார்ப்போம்.

போன் தன் இடத்தை மூன்று வழிகளில் கண்டுபிடிக்கிறது: ஜிபிஎஸ், சுற்றிலும் தெரியும் வைஃபை ரவுட்டர்கள், மொபைல் டவர். ஜிபிஎஸ் துல்லியமானது, ஆனால் பேட்டரியைத் தின்னும், கூரைக்குக் கீழே தடுமாறும். அதனால் போன் சும்மா கிடக்கும்போது அதை எழுப்பாது. வைஃபை வழியாகப் பார்த்தால் பொதுவாக 20 முதல் 50 மீட்டருக்குள் இடம் பிடிபடும். எந்த ரவுட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பெரிய பட்டியலை ஆப்பிளும் கூகுளும் வைத்திருக்கின்றன. வைஃபையும் கண்ணில் படாவிட்டால் மிஞ்சுவது டவர்தான். அதில் சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை பிழை வரலாம்.

இங்கேதான் பூஸ்டர் நுழைகிறது. உங்கள் கூரை ஆன்டெனா தொலைவில் உள்ள ஏதோ ஒரு டவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அந்த டவரின் சிக்னல் இப்போது படுக்கையறையில் பலமாகக் கேட்கிறது. சிக்னல் பலமாக இருந்தால் டவர் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் கணக்குப் போடப்படும். எனவே வேறு துணை இல்லாத நேரத்தில், மகன் அந்த டவர் பக்கம் இருப்பதாகப் போன் முடிவு செய்கிறது. வைஃபை மறுபடி தென்பட்டதும் ‘வீடு வந்து சேர்ந்தார்’.

அப்படியானால் இரவில் வைஃபை எங்கே போகிறது? பிள்ளைகள் சீக்கிரம் தூங்கட்டும் என்று பத்து மணிக்கு ரவுட்டரை அணைத்துவிடுகிறீர்களா? அல்லது மகனே வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் இருக்கிறானா? ரவுட்டரில் நேரக் கட்டுப்பாடு போட்டிருக்கும் வீடுகளில் இது சகஜம். பூஸ்டர் வந்த பிறகு டேட்டாவும் நன்றாகக் கிடைக்கிறதே! நெருக்கமான குடியிருப்பு என்றால் பக்கத்து வீட்டு ரவுட்டர்களை வைத்துப் போன் சமாளித்துவிடும். உங்கள் பகுதியில் அது நடக்காது.

ஊகத்தில் விட வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மகனின் போனை அவன் கட்டிலில் வைத்து, ஏர்ப்ளேன் மோடை ஆன் செய்து, வைஃபையை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். மேப் ஆப்பைத் திறந்து நீலப் புள்ளியையும் அதைச் சுற்றிய வெளிர் நீல வட்டத்தையும் பாருங்கள். அந்த வட்டம்தான் போனின் சந்தேகத்தின் அளவு. சின்ன வட்டமாக வீட்டின் மேலேயே நின்றால் வைஃபையில் குறையில்லை. அடுத்து ஏர்ப்ளேன் மோடை எடுத்துவிட்டு, செட்டிங்ஸுக்குள் போய் வைஃபையை முழுசாக அணையுங்கள். மேப்பை மூடித் திறந்து முதல் சில நொடிகளை மட்டும் கவனியுங்கள். அதற்குப் பிறகு ஜிபிஎஸ் விழித்துச் சரிசெய்துவிடலாம். வட்டம் ஊதிப் பெருத்து, புள்ளி சாலை தாண்டிப் போனால் காரணம் டவர்தான்.

முதல் சோதனையிலேயே புள்ளி உங்கள் பழைய வீட்டைக் காட்டினால் விஷயம் வேறு. ரவுட்டரைப் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்திருப்பீர்கள், பட்டியலில் இன்னும் பழைய இடமே இருக்கிறது. சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக மாறிவிடும்.

காரணம் டவர் என்றால், வைஃபையை எப்போதும் ஆனில் விடுவதே பாதிச் சிகிச்சை. இன்டர்நெட்டை நிறுத்த வேண்டுமானால் ரவுட்டரை அணைக்காமல் அந்த ஒரு போனுக்கு மட்டும் இணைப்பை நிறுத்தி வையுங்கள். ரவுட்டர் கண்ணில் பட்டாலே போனுக்குப் போதும். ஐபோனில் அந்த ஆப்புக்கு ‘பிரிசைஸ் லொகேஷன்’ ஆனில் இருக்கட்டும். ஆண்ட்ராய்டில் லொகேஷன் பகுதியில் ‘வைஃபை ஸ்கேனிங்’, ‘கூகுள் லொகேஷன் அக்யூரசி’ இரண்டையும் ஆன் செய்யுங்கள். அப்புறம் ஆப்பில் வீட்டைச் சுற்றிப் போட்ட எல்லை வட்டம்; போன் இதைத் தாண்டியதாகத் தெரிந்தால்தான் அலர்ட் வரும். ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் பரிந்துரைப்பதே குறைந்தது 100 முதல் 150 மீட்டர் ஆரம். பெரிய மனையில் 200, 250 மீட்டர் வைத்தாலும் தவறில்லை. இதற்காக ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருக்காதீர்கள். நன்றாகக் கேட்கும் பேச்சு கெட்டுப்போகும்.

உங்களுடையது ஆன்டெனா வகையாக இல்லாமல் இன்டர்நெட் கேபிளில் செருகும் குட்டி டவராக இருந்தால் அதற்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கும், ஜன்னலோரம் வையுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியதென்றால் முந்தைய உரிமையாளரின் ஊரையே காட்டக்கூடும். அமெரிக்க மொபைல் நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் பழைய மைக்ரோசெல் பெட்டியை (இதே குட்டி டவர் வகைதான்) எங்காவது மலிவாகப் பார்த்தாலும் வாங்காதீர்கள். 2022 பிப்ரவரியில் 3ஜி நிறுத்தப்பட்டதோடு அதன் காலம் முடிந்தது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கவனிக்க: அனுமதியில்லாமல் பூஸ்டர் வாங்குவதும் மாட்டுவதும் இந்தியாவில் சட்டவிரோதம். அங்கே ஏர்டெல்லும் ஜியோவும் தரும் வைஃபை காலிங் (டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே பேசும் வசதி) போதும்.

கடைசியாக ஒன்று. இதைத் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் விற்கும் வீட்டு பூஸ்டர்களில், ‘இதன் வழியாகச் செய்யும் அழைப்புகளில் அவசர உதவி எண்ணான 911-க்கு இடம் போகாமலோ தவறாகவோ போகலாம்’ என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி-யின் விதி. பயன்படுத்தும் முன் மொபைல் நிறுவனத்தில் பூஸ்டரைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் அதே விதிதான். பதிவு செய்யாதிருந்தால் இன்றே செய்யுங்கள். போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கில் போய், 911-க்குப் போகும் அவசர முகவரி புது வீட்டுடையதா என்று பார்த்து, பழையதாக இருந்தால் மாற்றுங்கள். சோதனைக்காக 911-ஐ அழைக்க வேண்டாம். வீட்டு முகவரியைத் தெருப் பெயர், எண்ணோடு தடுமாறாமல் சொல்ல மகனுக்கும், ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தா பாட்டிக்கும் கற்றுக்கொடுத்து, எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.