வில்லா, துவக்கா? வான்கோழி வேட்டை பற்றி வாசகர் கேட்டவை

கேள்வி: எனது மூத்த மகன் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் தொழில் பார்க்கிறார். அங்கே வசந்த காலத்தில் காட்டு வான்கோழி வேட்டைக்கு அனுமதி உண்டாம். உடன் வேலை செய்யும் ஒருவர் துவக்கு வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் வில்தான் அழகு என்கிறார். மகன் தொலைபேசியில் என் கருத்தைக் கேட்கிறார். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பெரியப்பா வைத்திருந்த இடியன் துவக்கு ஒன்றுதான். நான் என்ன சொல்லலாம்?
— ஒரு தந்தை, களுவாஞ்சிகுடி

பதில்: முதல் வசந்தத்துக்குத் துவக்கையே எடுக்கச் சொல்லுங்கள். வில்லை அவர் விரும்பினால் இப்போதே பழகத் தொடங்கட்டும். ஆனால் பறவையின் முன் அதைக் கொண்டுபோவதற்கு ஓரிரு பருவங்கள் பொறுக்கட்டும்.

பெரியப்பாவின் இடியனை, குழல்வாயில் மருந்தை இடித்து நிரப்பிச் சுடும் அந்தத் துவக்கை, வைத்து இதனை எண்ணிப் பார்க்க வேண்டாம். வான்கோழிக்குப் பயன்படுவது தோட்டா போட்டுச் சுடும், சன்னம் எனப்படும் சிறு உருண்டைகள் சிதறிப் பாயும் வேட்டைத் துவக்கு. குழலின் அளவு பெரும்பாலும் 12 போர், தோள் மெலிந்தவர்களுக்கு அதைவிடச் சிறிய 20 போர். குழலின் முனையில் சோக் எனப்படும் நெருக்கி ஒன்றைத் திருகிப் பூட்டுவார்கள். அது சன்னங்கள் விரைவில் அகன்று சிதறாமல் கட்டிவைத்து, தொலைவிலும் அடர்த்தியாகச் சென்று விழச் செய்கிறது. குறி உடலன்று, தலையும் கழுத்தும் மட்டுமே. பெரிய சேவல் ஏழு கிலோ முதல் பதினொரு கிலோ வரை நிறையுடையது. இறகும் தடித்த நெஞ்சுத் தசையும் சன்னத்தை மறித்துவிடும். ஆகையால் உடலில் சுட்டால் பறவை காயத்தோடு ஓடுமே தவிர விழாது. மூளையிலோ கழுத்தெலும்பிலோ சில சன்னங்கள் பட்டால் நின்ற இடத்திலேயே சாயும்.

ஈயச் சன்னமும் நல்ல சோக்கும் கொண்ட துவக்குக்கு 40 யார் (ஏறத்தாழ 37 மீற்றர்) தொலைவே எல்லை என்று அனுபவமுள்ளவர்கள் வகுத்துக்கொள்கிறார்கள். அந்த எல்லை எல்லாத் துவக்குக்கும் ஒன்றன்று. பத்து அங்குல வட்டம் வரைந்த தாளை நிறுத்திச் சுட்டு, அதற்குள் நூறு சன்னமாவது விழுகிற தொலைவு எதுவோ, அதுவே அந்தத் துவக்குக்கும் அந்தத் தோட்டாவுக்கும் உரிய எல்லை. 5 ஆம் இலக்க ஈயச் சன்னம் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 170 இருக்கும் என்பதால், இரண்டு அவுன்ஸ் அடைத்த தோட்டாவில் முந்நூறுக்கு மேல் இருந்தும், அவற்றுள் நூறு அந்தச் சிறு வட்டத்தில் விழுவது எளிதன்று என்பதைத் தாளில் பார்த்தால்தான் நம்புவார். ஈயத்தைவிட மிக அடர்த்தியான டங்ஸ்டன் சன்னத் தோட்டாக்களும் இப்போது விற்கின்றன. அவை தொலைவைக் கூட்டுகின்றன, விலையையும் பல மடங்கு கூட்டுகின்றன. தொடக்கக்காரருக்கு அவை தேவையில்லை என்பதே என் எண்ணம். தொலைவில் சுடும் ஆசையைத்தான் அவை வளர்க்கும். இன்னொன்றும் சொல்லிவையுங்கள். நெருக்கமான சோக் பூட்டிய துவக்கில், பத்து யாரில் சன்னக் கூட்டம் ஒரு கைப்பிடி அளவே இருக்கும். கிட்ட வந்த பறவையை ஆர்வ மிகுதியில் தலையைத் துவக்கின் பிடியிலிருந்து உயர்த்திப் பார்த்துச் சுடுகிறவர்கள் பலரும் அதன் தலைக்கு மேலாகவே சுட்டுத் தவறவிடுகிறார்கள்.

இனி வில். குறி எத்தனை யார் தொலைவில் என்பதைவிட, வில்லை இழுக்கும் அந்தக் கணமே பெரிய தடை. வான்கோழிக்கு மோப்பம் மிகக் குறைவு. பார்வையோ மிகக் கூர்மை. நிறம் பிரித்தறியும், கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் தலையைத் திருப்பாமலே சுற்றுப்புறத்தில் ஏறத்தாழ 270 பாகையைக் காணும். துவக்கை முழங்காலில் சாய்த்து முன்னதாகவே குறிபார்த்துக் காத்திருக்கலாம். விரல் அசைந்தால் போதும். வில்லை முன்னதாக இழுத்துவைத்துக் காத்திருக்க முடியாது. கப்பி பூட்டிய கொம்பவுண்ட் வில் முழுமையாக இழுத்தபின் பளுவின் பெரும்பகுதியைத் தானே தாங்கிக்கொள்ளும் என்றாலும், இழுக்கும்போது முழங்கை பின்னே போவதை மறைக்க முடியாது. பறவை இருபது யாருக்குள் நிற்கும்போது அந்த அசைவைச் செய்ய வேண்டியிருக்கிறது. இதனால்தான் வில்வேட்டைக்காரர் பெரும்பாலும் உள்ளே கறுப்புத் துணியிட்ட மறைவுக்கூடாரத்தில் கறுப்புச் சட்டையோடு அமர்கிறார்கள்; வெளியே பொம்மைப் பேடு ஒன்றை நட்டு, சேவல் அதன்முன் வால் விரித்துத் திரும்பும்போது, அதன் வாலே அதன் கண்ணை மறைக்கும் நொடியில் இழுக்கிறார்கள்.

இழுத்த பின்னும் இடர் தீரவில்லை. வான்கோழியின் உயிர்நிலை ஒரு தோடம்பழம் அளவே. வால் விரித்து இறகைச் சிலிர்த்து நிற்கும்போது உடல் இரட்டிப்பாகத் தோன்றுவதால், எங்கே இறகு முடிகிறது, எங்கே உடல் தொடங்குகிறது என்று புதியவருக்குத் தெரியாது. பக்கவாட்டில் நின்றால் சிறகு உடலோடு சேரும் இடம், முதுகு காட்டினால் வாலடியில் முதுகெலும்பு என்று குறி நிலைக்கு நிலை மாறும். அம்பு சற்று விலகினால் பறவை அம்போடு ஓடும் அல்லது பறக்கும். குருதியை இறகு உறிஞ்சிவிடுவதால் மானைத் தொடர்வதுபோல் தடம் பிடித்துத் தொடரவும் முடியாது.

வில்லின் பக்கம் நிற்பவர்கள் சொல்லும் நியாயங்களுள் இரண்டை நான் மதிக்கிறேன். ஒன்று, கனடாவில் துவக்கு வைத்திருக்கப் பாதுகாப்புப் பயிற்சி முடித்துத் தனி அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். வில்லுக்கு அது வேண்டியதில்லை. (வேட்டைக் கல்வியும் வேட்டை அனுமதியும் இரண்டுக்குமே வேண்டும்.) மற்றொன்று, சில நகரசபைகள் தம் எல்லைக்குள் துவக்குச் சுடுவதைத் தடுத்திருக்கின்றன; அவற்றுள் சில இடங்களில் வில் அனுமதிக்கப்படும், சில இடங்களில் அதுவும் தடை. மகன் போக நினைக்கும் காணி எந்தச் சபையின் கீழ் வருகிறது என்பதைக் கேட்டறிந்த பின்னரே எதையும் வாங்கட்டும். வில்லுக்கு வேட்டைக்காலம் நீளம் என்று யாரேனும் சொன்னால், அது மான் வேட்டைக்கு உரிய பேச்சு. ஒன்ராறியோவில் வசந்த கால வான்கோழிக்கு ஏப்ரல் 25 அளவில் தொடங்கி மே 31 வரை, வில்லுக்கும் துவக்குக்கும் ஒரே காலம்தான். நெஞ்சில் தாடிபோல் மயிர்க்கற்றை தொங்கும் பறவையை மட்டுமே அக்காலத்தில் எடுக்கலாம் என்பதும் இரண்டுக்கும் பொது.

காசு மிஞ்சினால் வில்லுக்குச் செலவிடுவதைவிட ஒரு நல்ல அழைப்புப் பெட்டிக்குச் செலவிடட்டும். மூடியை உரசினால் பேட்டின் குரல் எழும் சிறு மரப்பெட்டி அது. சேவலைக் குரலால் நாற்பது யாருக்குள் கொண்டுவரத் தெரியாதவருக்கு இருபது யார் எட்டாக் கனி.

கேள்வி: எங்கள் பாட்டனார் காலத்தில் வில்லும் அம்பும்தான். அவற்றைக் கொண்டு வேட்டையாடுவதே அறம், துவக்கு கொடுமை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். வான்கோழிக்கும் அது பொருந்தாதா?
— ஒரு வாசகர், வாகரை

பதில்: வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் மரபிலிருந்து வரும் பேச்சு என்றால் அதற்குத் தனி மதிப்புண்டு. அந்த மனிதர்கள் சிறுவயது முதல் வில்லோடு வளர்ந்தவர்கள். எந்த விலங்கை எவ்வளவு கிட்டப்போய் எய்யவேண்டும் என்பது அவர்களுக்குக் கைவந்த அறிவு. வார இறுதியில் மட்டும் வில்லைத் தொடும் ஒருவர் அந்த அறத்தை வில்லோடு சேர்த்துக் கடையில் வாங்கிவிட முடியாது. கொடுமை என்பது கருவியில் இல்லை, காயப்பட்டுத் தப்பும் பறவையில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஐம்பது, அறுபது யாரில் துவக்கால் சுட்டுப்பார்ப்பவரும், முப்பத்தைந்து யாரில் அம்பை விட்டுப்பார்ப்பவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். வில்லைக் கையில் எடுத்தவர் பறவை வந்தும் எய்யாமல் விடும் வேளைகள் அதிகம் என்பது உண்மை. அவ்வாறு விடத் தெரிந்தவருக்கே வில் தகும்.

துவக்கை இங்கே நாம் அஞ்சுவது இயல்பு. நம் மாவட்டங்களில் அதன் சத்தத்துக்கு வேறு நினைவுகள் உண்டு. ஆனால் அந்த அச்சத்தைக் கொண்டு ஒன்ராறியோக் காட்டில் எது விரைவில் உயிர் போக்கும் என்பதைத் தீர்மானிக்க முடியாது.

அந்த நாட்டின் கதையிலும் குற்றவாளி ஒரு கருவியன்று. காடழிப்பாலும் கட்டுப்பாடற்ற வேட்டையாலும் ஒன்ராறியோவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டு வான்கோழி அற்றுப்போயிற்று. 1984 இல் அமெரிக்க மாநிலங்களிலிருந்து பறவைகளைக் கொண்டுவந்து விட்டு, பெருகிய பின் 1987 இல்தான் அளவோடு வேட்டையைத் திறந்தார்கள். அமெரிக்காவில் துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியொன்றை 1937 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வனவிலங்குப் பேணலுக்கே ஒதுக்குகிறார்கள். வில்லும் அம்பும் பின்னர், 1970களில், அதே வரிக்குள் கொண்டுவரப்பட்டன.

கேள்வி: எனது மருமகனைக் கனடாவில் அவருடைய நண்பர் இவ்வேட்டைக்கு அழைக்கிறார். துவக்கால் சுட்ட பறவையை நாங்கள் உண்ணலாமா, அல்லது அம்பு எய்வதுதான் பொருத்தமா? ஒருவரையொருவர் தவறிச் சுட்டுவிடுவார்கள் என்றும் மகள் அஞ்சுகிறார்.
— ஒரு சகோதரி, அக்கரைப்பற்று

பதில்: முதற் கேள்வியில் மார்க்கத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பிஸ்மில்லாஹ் கூறி எய்த அம்பின் கூர்முனை துளைத்து இறந்த வேட்டைக்கு அனுமதி உண்டு என்பதும், சன்னத்தாலோ குண்டாலோ இறந்ததைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதும் பொதுவாக அறியப்பட்டவை. உங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்கும்போது ஒரு விபரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: தலையில் சன்னம் பட்ட வான்கோழி உடனே விழும், பின்னர் சிறிது நேரம் சிறகடித்துத் துடிக்கும். ஓடிப்போய் அறுப்பதற்குக் கிடைப்பது அவ்வளவு நேரமே. அதுவும் உயிர் எஞ்சியிருந்தால்தான். அம்பு பட்டதோ பல வேளைகளில் எட்டாத தூரம் ஓடிவிடும். பிடிக்கப் போகிறவர் காலின் பின்புறத்துள்ள முள்ளில் கவனமாக இருக்கவேண்டும். கிழட்டுச் சேவலின் முள் ஓர் அங்குலத்துக்கு மேலும் இருக்கும், கையைக் கிழித்துவிடும்.

மகளின் அச்சம் வீணானதன்று. இவ்வேட்டையில் எல்லோரும் பச்சிலை நிறத்தில் உடுத்து, அசையாமல் மறைந்திருந்து, பறவையின் குரலை எழுப்புகிறார்கள். குரலைக் கேட்டுப் பறவையென்று நம்பி இன்னொருவர் பதுங்கி வருவதுதான் விபத்துக்கு வழி. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்றும் கலந்தது. ஆகவே அந்நிறங்களில் தொப்பி, உள்சட்டை, காலுறை, கைக்குட்டை எதுவும் மருமகனிடம் இருக்கக்கூடாது. தோளைவிட அகன்ற மரமொன்றில் முதுகைச் சாய்த்து அமரவேண்டும். பின்னாலிருந்து வருபவருக்கு எதிரான காவல் அது. சேவல் கூவும் இடத்தை நோக்கிப் பதுங்கிச் செல்லவே கூடாது, அதனைத் தம்மிடம் வரவழைக்க வேண்டும். வேறொரு வேட்டைக்காரர் தென்பட்டால் கையை அசைக்காமல் உரத்த குரலில் பேசவேண்டும், அசைவுதான் ஆபத்து. எடுத்த பறவையைச் செம்மஞ்சள் துணியில் சுற்றியே வெளியே கொண்டுவர வேண்டும். வில்லோடு போகிறவருக்கும் இவையெல்லாம் பொருந்தும், ஏனெனில் அவர் எய்யாவிட்டாலும் அடுத்தவரின் கையில் துவக்கு இருக்கும். வால்விசிறியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் தவழ்ந்து சேவலை நெருங்கும் முறையொன்று இணையக் காணொளிகளில் பெயர்பெற்றிருக்கிறது. நண்பர் அதற்கு அழைத்தால் மருமகன் வீட்டிலேயே இருப்பது நல்லது.

கேள்வி: வயற்காவலுக்கு அனுமதி பெற்ற துவக்கு எங்களிடம் உண்டு. இங்கே வான்கோழி இல்லாவிட்டாலும் காட்டுக்கோழியை அதே முறையில் அழைத்துச் சுடலாமா? அல்லது வில்லால்?
— ஒரு விவசாயி, திருக்கோவில்

பதில்: இரண்டாலும் கூடாது. காட்டுக்கோழி இலங்கைக்கே உரிய பறவை, நாட்டின் தேசியப் பறவை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படுவது. அச்சட்டம் எதனால் கொன்றீர்கள் என்று பார்த்துச் சலுகை காட்டுவதில்லை. உங்கள் துவக்கின் அனுமதியும் பயிர்க்காவலுக்கென்று தரப்பட்டது. அதனை வேட்டைக்கு எடுத்துச் சென்றால் அனுமதியையும் இழப்பீர்கள். வான்கோழிதான் வேண்டுமென்றால் குஞ்சு வாங்கி வளவில் வளருங்கள். அம்மைத் தடுப்பூசியை மட்டும் தவறவிடாதீர்கள்.