‘விஷுவல் லேர்னர்’ பையனும் வாக்கியக் கணக்கும்

கேள்வி: மகன் பத்தாம் வகுப்பு. சூத்திரமெல்லாம் தலைகீழாகச் சொல்வான், ஆனால் வாக்கியக் கணக்கைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். டியூஷனில் ஒரு டெஸ்ட் வைத்து, இவன் ‘விஷுவல் லேர்னர்’, வீடியோவில்தான் கணக்கு ஏறும் என்று தனி பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த டெஸ்ட் சொல்வது பையனுக்கு எப்படிப் படிக்கப் பிடிக்கும் என்பதைத்தான், எப்படிப் படித்தால் வரும் என்பதை அல்ல. பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர் உட்பட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, அவரவர் பாணிக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் கூடுதலாகப் பலன் கிடைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 60° என்று கணக்கு வந்தால் படம் போட்டே ஆக வேண்டும், பையன் எந்த ‘லேர்னராக’ இருந்தாலும் சரி. படத்தைக் கேட்பது கணக்குதான், பையனின் பாணி அல்ல.

உங்கள் பையனின் சிக்கல் வேறு என்று நினைக்கிறேன். முக்கோணவியல் பாடத்தின் பின்னால் இருக்கும் பயிற்சியைப் போடும்போது, கேள்வியைப் படிக்காமலே sin, cos, tan-ல் ஒன்று என்று தெரிந்துவிடுகிறது, பொதுத்தேர்வுத் தாளில் அந்தத் தலைப்பு மேலே இருக்காதே! இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுபிடிக்கத்தான் அவனுக்குப் பழக்கமில்லை. 1981-ல் மிஷெலின் சியும் உடன் ஆய்வாளர்களும் இயற்பியல் கணக்குகளை வகைபிரிக்கச் சொன்னபோது, புதியவர்கள் சாய்தளம், கப்பி என்று கண்ணில் பட்டதை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்களோ அடியில் இருக்கும் விதியை வைத்துப் பிரித்தார்கள்.

அதனால் இயற்கணிதம், முக்கோணவியல், அளவியல் மூன்றிலிருந்தும் பத்து வாக்கியக் கணக்குகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன கொடுத்திருக்கிறது, என்ன கேட்கிறது, எந்தப் பாடம் என்று மட்டும் சொல்லட்டும், விடை அப்புறம். முதல் சில நாள் நிறையத் தப்பு வரும், திட்டாதீர்கள். மேலே சொன்ன நான்கு உளவியலாளர்களில் ஒருவரான டக் ரோரர் இப்படிக் கலந்து பழகவைத்த கல்லூரி மாணவர்களும், வகை வகையாகப் பழகியவர்களைவிடப் பயிற்சியின்போது பின்தங்கித்தான் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில்தான் முந்தினார்கள்.

வீடியோ பிடிக்கிறதா, பார்க்கட்டும், யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. விடை வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, மீதியை அவனையே நோட்டில் போடச் சொல்லுங்கள்.