ஃபுல் மார்க் வாங்கின சொல்லு அடுத்த வாரம் எங்க போகுது?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்லேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பிரைமரி 5 படிக்கிற மக வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதல்ல ஃபுல் மார்க் வாங்குறா, அடுத்த வாரம் 'தயக்கம்'னா என்னன்னு கேட்டா முழிக்கிறாளாம். 30 நாள்ல 1000 சொல்லுன்னு ஒரு டியூஷன் பேக்கேஜ் இருக்கு, சேர்க்கலாமா?

சேர்க்காதீங்கம்மா, உங்க பொண்ணுக்கு ஒரு கோளாறும் இல்ல. புதுச் சொல்ல மூளை மொதல்ல ஹிப்போகேம்பஸ்ங்கிற எடத்துல சட்டுன்னு புடிச்சு வச்சுக்கும், ஆனா ஏற்கனவே இருக்கிற சொல்லுங்களோட அதுக்கு இன்னும் பேச்சுவார்த்தையே இருக்காது. 2007ல டூமே, கேஸ்கல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க இத சோதிச்சாங்க. 'கதீட்ரல்' (பெரிய தேவாலயம்)ங்கிற இங்கிலீஷ் சொல்லு மாதிரியே 'கதீட்ரூக்'னு இல்லாத சொல்ல சொல்லிக்கொடுத்தாங்க. புதுசு உள்ள போய் ஒட்டிக்கிச்சுன்னா பழச கேக்கும்போது மூளை கொஞ்சம் தடுமாறணும்ல? சாயங்காலம் படிச்சு தூங்கி எழுந்தவங்களுக்கு 12 மணி நேரத்துல அந்தத் தடுமாற்றம் வந்துச்சு, காலையில படிச்சு தூங்காம இருந்தவங்களுக்கு அதே 12 மணி நேரத்துல வரல.

அதனால ராத்திரி பத்தரை வரைக்கும் சொல் எழுதின அட்டைய காட்டி காட்டி ஒப்பிக்க வைக்கிற எடத்துக்கு காசு கட்டாதீங்க. முன்பணம் கேப்பாங்க, மொத நாள் ஒரு டெஸ்ட், அன்னிக்கே சாயங்காலம் இன்னொரு டெஸ்ட், "பாருங்க ஏறிடுச்சு"ம்பாங்க. அன்னிக்கே கேட்டா யாருக்குத்தான் ஞாபகம் இருக்காது? பத்து நாள் கழிச்சு அதே அட்டைய கேக்கச் சொல்லுங்க, ஒத்துக்க மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் விதிவிலக்கு. ஏற்கனவே தெரிஞ்சதோட கோத்துக்கிற சொல்லு சீக்கிரம் ஒட்டும். என்கிட்ட வந்த ஒரு பையனுக்கு 'அங்காடி' ஏறவே இல்ல, மூணு வாரம் எழுதிப் பாத்தான். டிவி செய்தியில சொல்ற உணவங்காடி நிலையம்தாண்டா நீ தோசை வாங்குற ஹாக்கர் சென்டர், அதுல நடுவுல இருக்கிறதுதான் இதுன்னேன். அப்புறம் அவனே 'மீன் அங்காடி', 'பூ அங்காடி'ன்னு அடுக்க ஆரம்பிச்சுட்டான். ஆனா எல்லாச் சொல்லுக்கும் இப்படி ஒரு கொக்கி கிடைக்காது, 'தயக்கம்'லாம் தேடிப் புடிக்கணும், லிஃப்ட்ல தெரியாத அங்கிள்கிட்ட பேச கூச்சப்பட்டு நின்னாளே, அந்த நேரத்துலயே சொல்லிடுங்க.

ஸ்கூல்ல திங்கக்கிழமை ஆனா புது சொல் லிஸ்ட், பழசு குப்பை, இப்படியே வருஷம் பூரா ஓடுறது எனக்கு ஆத்திரமா வருது. நீங்களாச்சும் பழைய லிஸ்ட்ட வச்சுக்குங்க. சாயங்காலம் ஆறு சொல்லு போதும், நேரத்தோட தூங்க விடுங்க. மறுநாள், மூணு நாள் கழிச்சு, அடுத்த வாரம்னு நோட்ட மூடி வச்சுட்டு கேளுங்க, கேக்கும்போது அர்த்தம் கேக்காதீங்க, அவ வாயால ஒரு வாக்கியம் வரட்டும்.